மரமேறிய இலை

சின்னையா விறகுக் கட்டை முற்றத்தில் போட்டபோது என் கண் விறகுக்குப் போகவில்லை, அதைக் கட்டியிருந்த கொடிக்குப் போனது. தை மாதத்தின் நடுப்பகுதி. மாரி ஓய்ந்து, மண் மேலே பொருக்கு வெடித்தும் கீழே ஈரம் காயாமலும் கிடந்த நாள்கள். வீரையும் பாலையுமாகப் பத்துப் பதினைந்து தடிகளை இரண்டு சுற்றுச் சுற்றி, முறுக்கி, முனையைச் செருகியிருந்தார். கொடி தென்னை ஈர்க்கைவிடக் கொஞ்சம்தான் தடிப்பு. பழுத்த வைக்கோலின் நிறம். அத்தனை விறகையும் அது இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது.

"இது என்ன கொடி, சின்னையா?"

"விறகு கட்டுகிற கொடி."

"பெயர்?"

"கட்டினால் அறாது, பிள்ளை. பிறகு பெயர் என்னத்துக்கு?"

கட்டை அவிழ்த்தேன். கொடியில் இன்னும் ஓரிரு இலைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒன்று சாதாரண இலை. நீண்டு, நுனி கூர்ந்து, விளிம்பில் நுண்ணிய அரப்பற்களோடு இருந்தது. மற்றதன் விளிம்பு முழுவதும் சின்னச் சின்ன விரல்கள் முளைத்திருந்தன. ஒவ்வொரு விரலும் அரை சென்ரிமீற்றர் இருக்கும். பாய் இழைத்தவர் ஓரம் மடிக்காமல் விட்டுவிட்ட ஓலை முனைகளைப் போல அவை வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. பூச்சி செய்த வேலை என்றுதான் முதலில் நினைத்தேன். எங்கள் பக்கத்தில் இலை ஓரம் சுருண்டும் வீங்கியும் போவதற்குப் பூச்சிகளுக்குக் குறைவில்லை.

ஓய்வுபெற்றபோது பள்ளிக்கூடத்திலிருந்து நான் கொண்டு வந்த ஒரே சொத்து ஒரு கைவில்லை. அதை எடுத்துப் பிடித்தேன். ஒவ்வொரு விரலின் அடிப்பக்கத்திலும் இரண்டு வரிசைச் செதில்கள், ஒன்றின் மேல் ஒன்று சற்று ஏறி, எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய சடையைப் போலக் கிடந்தன. ஒரு செதிலை ஊசி முனையால் நெம்பினேன். உள்ளே ஒரேயொரு பழுப்புக் குமிழ் இருந்தது. வித்திக்கலன்: விதைக்குப் பதிலாகத் தூள் போன்ற வித்திகள் நிறையும் பை.

பன்னம்! பூக்காமல், காய்க்காமல், வித்தியால் பெருகும் செடி. சின்னையா ஒரு பன்னத்தால் விறகு கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

இருபத்தேழு வருடம் உயர்தர வகுப்புக்கு உயிரியல் கற்பித்தவள் நான். பன்னம் என்றால் பாடத்திட்டத்தில் நெப்ரோலெப்பிஸ். அதிபரின் அறைக்கு வெளியே ஒரு சட்டியில் அது நிற்கும். ஒவ்வோர் ஆண்டும் அந்தச் சட்டியிலிருந்து இரண்டு இலையைக் கிள்ளிக்கொண்டு போய், பின்புறத்து வித்திக்கலன் குவியல்களைக் காட்டி, புணரித்தாவரம், வித்தித்தாவரம், சந்ததிப் பரிவிருத்தி என்று கரும்பலகையை நிரப்புவேன். பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். பன்னம் மலைநாட்டுச் சங்கதி, நுவரெலியாப் பக்கத்துக் குளிரிலும் மூடுபனியிலும் வளர்வது, வன்னியில் சட்டியில்தான் வளரும் என்பது அவர்களின் எண்ணம். சொல்ல வெட்கமாக இருக்கிறது, என் எண்ணமும் ஏறத்தாழ அதுதான்.

இத்தனைக்கும் குளத்தடிச் சேற்றில் நான்கு சிற்றிலைகளோடு பரந்து கிடக்கும் ஆரைக்கீரை ஒரு பன்னம். அதைச் சுண்டித் தின்றபடியே பன்னம் இங்கே இல்லை என்று பேசிக்கொண்டிருந்திருக்கிறோம். களப்பு ஓரத்துக் கண்டல்களுக்கு நடுவே ஆளுயரத்துக்கு நிற்பதும் பன்னம். முதிய மரங்களின் கவர்களில் காய்ந்த பழுப்புக் கூடையைப் போல ஒட்டிக்கொண்டு, மழை வந்தால் அதற்குள்ளிருந்து பச்சை இலை விடுகிறதே, அதுவும் பன்னம். குளங்களை மூடிப் பாய் விரிக்கும் சல்வீனியாகூடப் பன்னம்தான். அது 1939இல் கொழும்புக்கு ஆய்வுக்கென்று கொண்டு வரப்பட்டுத் தப்பி ஓடிய வந்தேறி. ஆகவே வன்னியில் பன்னம் இருப்பது புதினம் இல்லை. மரம் ஏறுகிற பன்னத்தை என் கையால் அவிழ்த்தது எனக்குப் புதினம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சின்னையாவோடு போனேன். ஒட்டுசுட்டானிலிருந்து உள்ளே, முத்தையன்கட்டுக் குளத்துக்கு நீர் கொண்டு வரும் பேராற்றின் கரை. கண்ணிவெடி அகற்றிய பகுதிதானா என்று இரண்டு தரம் கேட்டேன். "பத்து வருடமாக நடக்கிறேன், இரண்டு காலும் இருக்கிறதே" என்றார். அது பதில் இல்லை. ஆனாலும் அவருடைய காலடித் தடத்திலேயே கால் வைத்துப் போனேன். 2011இல் மீள்குடியேறி வந்தபோது பழகிய நடை, இன்னும் விட்டுப் போகவில்லை.

வன்னிக் காட்டில் மேட்டு நிலமும் ஆற்றங்கரையும் இரண்டு தனித்தனி ஊர்கள். மேட்டில் பாலை, வீரை, முதிரை. கீழே சூரையும் காய்ந்த சருகும். கரையை நெருங்க நெருங்க மருதும் நாவலும் வருகின்றன, நிழல் தடிக்கிறது, மண் கறுக்கிறது. எங்களுக்கு மழை பெரும்பாலும் ஐப்பசி முதல் மார்கழி வரைதான். மிச்ச மாதங்களுக்கு அந்த ஈரத்தைப் பொத்திப் பொத்தி வைத்திருப்பது இந்தக் கரை நிழல். அங்கே, மருதுக்கும் ஒரு பிரம்புப் பற்றைக்கும் இடையில், கொடிகளின் சந்தை.

அந்தச் சந்தையில்தான் நான் ஒரு மணி நேரம் நின்றேன். எல்லாம் ஏறுகின்றன, ஆனால் ஒன்று ஏறுகிற வழி மற்றதற்கு இல்லை. பிரம்பு முள் பதித்த சாட்டையை வீசி எதையாவது கொளுவிக்கொண்டு ஏறுகிறது. என் சேலைத் தலைப்பையும் அது விடவில்லை. முடக்கொத்தான் பூங்கொத்தின் அடியிலிருந்து மெல்லிய சுருளை விட்டுப் பற்றுகிறது. கார்த்திகைப் பூக் கொடி ஒவ்வோர் இலையின் நுனியையும் நீட்டி, அந்த நுனியையே கொக்கியாக்கிக்கொள்கிறது. சாத்தாவாரி முள்ளை ஊன்றிச் சாய்ந்து சாய்ந்து மேலே போகிறது. தூரத்திலிருந்து பார்த்தால் சாத்தாவாரியையும் நான் தேடிப்போனதையும் மாற்றி எண்ணிவிடலாம், இரண்டும் அவ்வளவு மெல்லிய பச்சை. கிட்டப் போனால் அந்தக் குழப்பம் இல்லை.

என் பன்னத்திடம் முள்ளும் இல்லை, சுருளும் இல்லை, கொக்கியும் இல்லை. தானே சுற்றி ஏறியிருந்தது. ஒரு புல்லாந்திக் கிளையைச் சுற்றி, அதிலிருந்து தாவி மருதங்கன்றைச் சுற்றி, மேலே போய், பற்றுவதற்கு எதுவும் கிடைக்காத இடத்தில் தன்னைத்தானே சுற்றி முறுகியிருந்தது. உச்சியில் ஒரு முழ நீளத்துக்கு இலையே இல்லாத முனை காற்றில் தடவிக்கொண்டு நின்றது. அந்த முனை பழுப்பு மயிரோடு உள்நோக்கிச் சுருண்டிருந்தது. பன்னத்தின் இளங்குருத்து அப்படித்தான் சுருண்டு பிறக்கும், வயலின் வாத்தியத்தின் தலையைப் போல. நெப்ரோலெப்பிஸில் நூறு தரம் காட்டியிருக்கிறேன்.

படங்கள் எடுத்தேன். பூ இல்லை, காய் இல்லை. ஓர் இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தேன். நரம்புகள் கவர் விட்டுக் கவர் விட்டு விளிம்புவரை போய் அப்படியே முடிந்தன. ஒன்றோடு ஒன்று பின்னி வலை போடவில்லை. பூக்கிற கொடிகளின் இலையில் நரம்புகள் எப்படியும் வலையாகிவிடும். கொடி பன்னம்தானா என்ற சந்தேகத்துக்கு, விரல் வைத்த இலை கிடைக்காத காலத்திலும், இந்த ஒரு சோதனை போதும். சூரியன் இருந்தால் சரி.

இனித்தான் நான் பிழைவிட்ட இடம்.

இலை எது, சிற்றிலை எது என்று பிள்ளைகள் குழம்புவார்கள். முருங்கையைக் கொடுத்தால் ஒவ்வொரு பொட்டையும் ஓர் இலை என்பார்கள். அதற்கு நான் சொல்லிக் கொடுத்த மந்திரம் ஒன்று உண்டு: கக்கத்தைப் பார். இலை தண்டோடு சேரும் மேல்மூலையான இலைக் கக்கத்தில் அரும்பு இருக்கும், சிற்றிலையின் கக்கத்தில் இராது. அரும்பு எதன் கக்கத்தில் இருக்கிறதோ அது இலை. அது எதில் நிற்கிறதோ அது தண்டு. இந்த மந்திரம் ஒரு நாளும் என்னைக் கைவிட்டதில்லை.

பேராற்றங்கரையில் அதே மந்திரத்தைப் போட்டேன். கொடியின் இரு பக்கமும் மாறி மாறிச் சோடி சோடியாக இலைகள். ஒவ்வொரு சோடியும் பிரிகிற இடத்தில், பழுப்பு மயிர் போர்த்திய ஒரு சிறு அரும்பு, கடுகளவு. அரும்பு இருக்கிறது, ஆகவே இது தண்டு, அவை இலைகள். வீட்டுக்கு வந்து குறிப்புப் புத்தகத்தில் தடித்த எழுத்தில் எழுதினேன்: 'தண்டு மெல்லியது, சுற்றி ஏறுவது, கிளைக்காதது, இலைகள் சோடியாக.' கீழே கோடும் போட்டேன்.

பழைய மாணவி ஒருத்தி தெற்கே ஒரு பல்கலைக்கழகத்தில் தாவரவியலில் ஆய்வு செய்கிறாள். படங்களையும் என் குறிப்பையும் அவளுக்கு அனுப்பினேன். இரவு பத்து மணிக்குப் பதில் வந்தது. முதலில் சுகநலம், பிறகு வெகு மரியாதையாக ஒரு கேள்வி: "ரீச்சர், அந்த அரும்பு கக்கத்தில் இருக்கிறதா, நுனியில் இருக்கிறதா என்று இன்னொரு தரம் பார்ப்பீர்களா? அடியையும் பாருங்கள். அது மண்ணில் எங்கே முடிகிறது?"

படத்தைப் பெருப்பித்துப் பார்த்தேன். தெரியவில்லை. நான் எடுத்த பன்னிரண்டு படங்களும் அழகாக இருந்தன. ஒன்றிலாவது அந்த மூட்டு கூர்மையாக இல்லை, ஒன்றிலாவது அடி இல்லை. கண்ணுக்கு அழகான இடத்தைத்தான் கை படம் எடுக்கும். இனம் காண உதவுகிற இடங்கள் பெரும்பாலும் அசிங்கமான இடங்கள். மூட்டு, முதுகு, மண்ணோடு சேருகிற அடி.

மறுபடி போனேன். இந்த முறை கைவில்லை, ஒரு பழைய பிளேட், ஒரு சிரட்டை.

மூட்டை மெதுவாகப் பார்த்தேன். நான் தண்டு என்று எழுதியதிலிருந்து முதலில் ஒரு குட்டைக் காம்பு புறப்படுகிறது. குட்டை என்றால் இரண்டு மூன்று மில்லிமீற்றர்தான். ஓடும் கண்ணுக்கு அது ஒரு முடிச்சு. அந்தக் காம்பின் நுனியில் அரும்பு உட்கார்ந்திருக்கிறது. அரும்பின் இடமும் வலமுமாக இரண்டு இலைத் துண்டுகள் பிரிந்து போகின்றன. ஆகவே அரும்பு எதன் கக்கத்திலும் இல்லை. அந்தக் குட்டைக் காம்பின் முனைதான் அது. வளர வந்து, இரண்டு பக்கமும் இலை விட்டுவிட்டு, வளராமல் நின்றுபோன முனை.

அடியைத் தேடினேன். புல்லாந்தியின் காலடியில் சருகைத் தள்ளி, சிரட்டையால் மண்ணைச் சுரண்டினேன். நான்கு விரற்கடை ஆழத்தில், கிடையாக ஓடிக்கொண்டிருந்தது அசல் தண்டு: பென்சிலை விடச் சிறுத்த, கறுத்த மயிர் மூடிய வேர்த்தண்டுக்கிழங்கு. அதன் முதுகிலிருந்து நெருக்கமாக ஐந்து ஈர்க்குகள் மேலே எழுந்து நின்றன. ஐந்தில் ஒன்றுதான் நான் படம் எடுத்தது.

அந்தக் கிழங்குதான் தண்டு என்றால், அதிலிருந்து எழுந்து, புல்லாந்தியைச் சுற்றி, மருதங்கன்றைத் தாவி, உச்சியில் காற்றைத் தடவிக்கொண்டிருந்த முழுவதும் ஓர் இலை. ஒரே ஓர் இலை! நான் தண்டு என்று கோடு போட்டது அதன் நடுக்காம்பு. இலைகள் என்று எழுதியவை அதன் சிற்றிலைகள். கயிறு பிடித்து அளந்தேன், ஒரு சேலை நீளத்துக்குக் கொஞ்சம் கூட வந்தது. இன்னும் முடியவில்லை, நுனி வளர்ந்துகொண்டிருந்தது. இந்தச் சாதியில், அதாவது நெருங்கிய இனங்களின் இந்தக் கூட்டத்தில், ஓர் இலை முப்பது மீற்றர்வரை போகிற இனமும் உண்டு என்று பிறகு அறிந்தேன். மாவிலையானாலும் வாழையிலையானாலும், இலை என்றால் விரிந்து, முற்றி, அதோடு வளர்ச்சியை முடித்துக்கொள்வது. வளர வளர வளர்ந்துகொண்டே போவது தண்டின் குணம். அந்தக் குணத்தை இந்தப் பன்னம் இலைக்குக் கொடுத்துவிட்டுத் தண்டைப் புதைத்து வைத்திருக்கிறது.

அந்த மயிர் போர்த்திய அரும்புக்கு என்ன வேலை என்பதை மாடுகள் காட்டிக் கொடுத்தன. ஐந்து ஈர்க்குகளில் தாழ்ந்து நின்ற ஒன்றின் நுனியை யாரோ வீட்டு மாடு கடித்திருந்தது. கடிபட்ட இடத்துக்குக் கீழே இருந்த குட்டைக் காம்பில் சிவப்பு நூல் கட்டிவிட்டு வந்தேன். மூன்று கிழமை கழித்துப் போனபோது, நூல் கட்டிய இடத்து அரும்பு விழித்து, ஒரு சாண் நீளத்துக்குச் சுருண்ட தலையோடு நீட்டிக்கொண்டிருந்தது. ஏறும் இலைக்கு உச்சி போனால், பக்கத்துக் குட்டைக் காம்பு ஒன்று உச்சியாகிவிடுகிறது. ஒவ்வொரு மூட்டிலும் ஒரு மாற்று உச்சி காவலிருக்கிறது.

மாணவிக்கு எழுதினேன்: "இலைதான். நான் பிழை." அவள் ஒரு சிரிப்புப் படமும் "லைகோடியம், ரீச்சர்" என்ற இரண்டு சொற்களும் அனுப்பினாள். இருபத்தேழு வருடம் எத்தனை விடைத்தாளில் சிவப்புக் கோடு போட்டிருப்பேன். அன்று என் குறிப்புப் புத்தகத்தில் நானே ஒன்று போட்டேன்.

சாதி தெரிந்தது. இனம்?

உலகத்தில் லைகோடியம் ஏறத்தாழ 40 இனம், இலங்கையில் மூன்று. மூன்றில் ஒன்றைத் தள்ளுவது சுலபம். லைகோடியம் சேர்சினேட்டத்தின் சிற்றிலை, கையை விரித்து வைத்ததைப் போல விரல் விரலாகப் பிளந்திருக்கும். என்னுடையது அப்படி இல்லை. மிச்சம் இரண்டு: லைகோடியம் மைக்ரோபிலம், லைகோடியம் பிளெக்சுவோசம். பெரிது சிறிது என்று பார்த்தே முடிவு சொல்லிவிடலாம் போலிருக்கும். மைக்ரோபிலத்தின் சிற்றிலைகள் இரண்டு மூன்று சென்ரிமீற்றர்தான், அடி அகன்று நுனி மழுங்கி ஒரே சீராக இருக்கும். பிளெக்சுவோசத்தில் நுனித் துண்டு விரல் நீளத்துக்கும் மேலே போகும், அடியில் உள்ள துண்டுகள் மேலும் பிளந்து காதுகள் விடும். ஆனால் நிழலில் வளர்ந்தது ஒரு மாதிரி, வெயிலில் வளர்ந்தது வேறு மாதிரி. வித்தி தாங்கும் சிற்றிலைகளோ எந்த இனத்திலும் சுருங்கித்தான் இருக்கும். அளவை நம்பி முடிவு சொன்னால் என் தடித்த எழுத்தின் கதைதான்.

நம்பக்கூடியது காம்பு. மைக்ரோபிலத்தில் ஒவ்வொரு சிற்றிலையும் தன் குறுங்காம்போடு சேருகிற இடத்தில் ஒரு மூட்டு உண்டு. முற்றிய சிற்றிலை அந்த மூட்டில் கழன்று விழும். காம்பு மட்டும் குத்தூசியைப் போல நடுக்காம்பில் நிற்கும். பிளெக்சுவோசத்தில் மூட்டு இல்லை. சிற்றிலை காய்ந்து, சுருங்கி, கிழிந்து தொங்கும், கழன்று விழாது.

என் கொடியில் முற்றிய சிற்றிலை ஒன்றை இரண்டு விரலால் பிடித்து மெதுவாகப் பின்னோக்கி மடித்தேன். கழன்றால் ஒரு பெயர், கிழிந்தால் இன்னொரு பெயர். கிழிந்தது. கிழிந்த நாரில் ஒரு பகுதி காம்போடு நின்றது. கிழிந்த ஒன்றை நம்பாமல் வேறு நான்கு இலைத் துண்டுகளில் செய்து பார்த்தேன். காய்ந்த சிற்றிலைகள் கொடியின் அடிப்பாகத்தில் கழலாமல் தொங்குவதையும் பார்த்தேன். லைகோடியம் பிளெக்சுவோசம். சின்னையா ஒரு மரத்தில் சாய்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டே இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். "இலையைக் கிழித்துப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தாய்?"

வீட்டில் இன்னொரு சோதனை செய்தேன். இனம் காண அது தேவையில்லை. எனக்கு ஆசையாக இருந்தது. விரல் வைத்த சிற்றிலைகள் மூன்றை, விரல்களின் அடிப்பக்கம் கீழே வருமாறு வெள்ளைத் தாளில் வைத்து, காற்றுப் படாமல் பால்மா ரின் ஒன்றைக் கவிழ்த்துவிட்டேன். காலையில் ரின்னைத் தூக்கி, இலையை எடுத்தேன். தாளில் அதே விரல்கள், வெளிர்மஞ்சள் தூளில் வரைந்து கிடந்தன. மூச்சு விட்டேன், பாதிப் படம் போய்விட்டது. இந்தத் தூளைச் சீன மருத்துவத்தில், சப்பான் இனமான லைகோடியத்திலிருந்து சேர்த்து, கடற்பொன்மணல் என்று பொருள்படும் பெயரில் விற்கிறார்கள். ஒவ்வொரு தூளும் ஒரு வித்தி. ஈர மண் கிடைத்தால் அது நகத்தளவுகூட இல்லாத பச்சைத் தகடாக முளைத்து, அதிலிருந்துதான் ஏறுகிற இலை பிறக்க வேண்டும்.

பெயரின் கதையையும் சொல்லிவிடுகிறேன். லின்னேயசு 1753இல் இதைப் பாம்புநாக்கு என்று பொருள்படும் ஓபியோகுளோசம் என்ற சாதியில் சேர்த்து, வளைந்து நெளிந்தது என்று பொருள்பட பிளெக்சுவோசம் என்றார். விளிம்பு விரல்களின் இரட்டை வரிசையைப் பார்த்தால் அவர் ஏன் பாம்புநாக்கோடு சேர்த்தார் என்பது விளங்கும். சுவீடனைச் சேர்ந்த சுவார்ட்ஸ் 1801இல் லைகோடியம் சாதிக்கு மாற்றினார்; வளையக்கூடியது, துவளக்கூடியது என்று பொருள் தரும் கிரேக்கச் சொல். அதற்கெல்லாம் முன்பே கேரளத்து வைத்தியர்களிடம் கேட்டு எழுதப்பட்டு ஆம்ஸ்டர்டாமில் 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக அச்சான ஹோர்த்துஸ் மலபாரிக்கூசில் இந்தச் சாதிக்குப் படம் இருக்கிறது, மலையாளப் பெயரும் இருக்கிறது: வள்ளிப்பன்ன. மலையாளத்தில் பன்ன என்றால் பன்னம். எங்கள் பாடநூற் சொல்லும் அதுவே. தமிழ்நாட்டில் பெரணி என்பார்கள். தமிழில் பன்னம் என்பதற்கு இலை என்ற பழைய பொருளும் உண்டு, பன்னசாலை என்பது இலை வேய்ந்த குடில். வள்ளியோ கொடி. ஆக வள்ளிப்பன்ன என்பதைக் கொடியிலை என்று வாசிக்க எனக்கு ஆசை. மொழியறிஞர்கள் ஒப்புக்கொள்ளாவிட்டால் போகட்டும். தண்டு என்று கோடு போட்டவளுக்கு அந்தப் பெயர் உறைக்கிறது.

ஊர்ப் பெயர் ஒன்று கிடைக்குமா என்று நெடுங்கேணிப் பக்கத்திலும் முள்ளியவளைப் பக்கத்திலும் தெரிந்தவர்களிடம் கொடியைக் காட்டிக் கேட்டேன். எல்லோரும் கண்டிருக்கிறார்கள், பாதிப் பேர் கட்டியிருக்கிறார்கள். பெயர் கேட்டால் கொடி என்றார்கள். விறகு கட்டுவதோடு நாங்கள் நிறுத்திக்கொண்டோம். பிலிப்பைன்சில் நீத்தோ என்ற பெயரில் இதே சாதியின் ஈர்க்குகளைக் கீறி, தொப்பியும் தட்டும் கூடையும் பின்னுகிறார்கள். பளபளவென்று கறுத்தும் பழுப்பாகவும் இருக்கும் அந்தக் கூடைகளைப் படத்தில் பார்த்தால் இலையால் பின்னியது என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள்.

எங்கள் நாட்டில் ஒதுங்கி வாழ்கிற மைக்ரோபிலத்துக்கு அமெரிக்காவின் புளோரிடாவில் வேறு முகம். 1958இல் அங்கே ஒரு தாவர விற்பனைப் பண்ணையில் அழகுக்கு வளர்த்தார்கள். சில ஆண்டுகளில் வேலி தாண்டியது. ஒரேயொரு வித்தி போதும், அதுவே முளைத்துத் தன்னோடு தானே கருக்கட்டிக் குடும்பமாகிவிடும் என்பதால் காற்று போன இடமெல்லாம் அது போனது. சதுப்புக் காடுகளில் மரங்களை உச்சிவரை போர்த்தி, நிலத்தில் எரிகிற தீக்கு ஏணியும் வைத்துக் கொடுக்கிறது. அதைத் தின்னும் சிறு அந்துப்பூச்சி ஒன்றை அவுஸ்திரேலியாவிலிருந்து கொண்டுபோய் 2008இல் விட்டார்கள். இதைச் சின்னையாவுக்குச் சொன்னேன். சல்வீனியாவால் வலை வீச முடியாமல் போன ஒரு காலத்தை அவர் நினைத்தார் போலும். "அங்கே நமது, இங்கே அவர்களுடையது" என்றார்.

ஆனியில் சோளகக் காற்று தொடங்கியதும் ஆற்றங்கரைக் கொடி பழுத்தது. ஆடியில் போனபோது மணல் வெளுத்துக் கிடந்தது. பன்னம் நின்ற இடத்தில் கடுதாசி போல நொறுங்கும் சிற்றிலைகள். பழுப்பு ஈர்க்கு மட்டும் புல்லாந்தியை இறுக்கிக்கொண்டு நின்றது. யானை இலத்தி பக்கத்திலேயே ஆவி பறக்கக் கிடந்ததால் அதிக நேரம் நிற்கவில்லை. இந்தக் காலத்தில் வருபவருக்கு அடையாளம் சொல்ல அந்த ஈர்க்கும், மூட்டு மூட்டாக நிற்கும் குட்டைக் காம்புகளும், மண்ணுக்குள் கறுத்த மயிரும்தான் மிச்சம். விறகு கட்ட இதுவே நல்ல பருவம் என்கிறார் சின்னையா. பச்சையில் வெட்டினால் வழுக்குமாம்.

ஐப்பசி மழை விழுந்து பதினொரு நாளில் அதே கிழங்கின் முதுகில் மூன்று சுருள்கள், பழுப்பு மயிரோடு, மண்ணைப் பிளந்துகொண்டு தலை தூக்கியிருந்தன. இந்த முறை அடியைத்தான் முதலில் படம் எடுத்தேன்.

இரண்டு கிழமைக்கு முன் குமுழமுனைப் பக்கம் ஒரு கலியாண வீட்டுக்குப் போய் வரும் வழியில், வாய்க்கால் ஓரத்து ஈச்சம் பற்றையில் இன்னொரு கொடி கண்டேன். சிற்றிலைகள் சிறியவை, இரண்டு சென்ரிமீற்றருக்கு மேல் இல்லை. பஸ் காத்திருந்தது, பட்டுச் சேலையோடு பற்றைக்குள் இறங்க முடியவில்லை. கைக்கு எட்டிய ஒரு துண்டை மட்டும் முறித்து வந்தேன். வீட்டில் வந்து மேசையில் வைத்துப் பார்த்தால், அதன் அடிப்பாகத்துக் காம்புகள் நான்கில் சிற்றிலை இல்லை. நான்கும் குத்தூசி போல, வெட்டி எடுத்ததைப் போல மட்டமாக முடிந்து நின்றன. மேலே இருந்த ஒரு சிற்றிலையைப் பிடித்து மடித்தேன். கிழியவில்லை, டிக் என்று கழன்று கையில் வந்தது. விளிம்பில் விரல் வைத்த இலை ஒன்றும் அந்தத் துண்டில் இல்லை. வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் போகிறேன், சிரட்டையும் எடுத்துக்கொண்டு.